செம்மணல் மேட்டுக்கு எந்தத் தாங்குசுவர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு மேட்டின் இடுப்பில் சிறிய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் மண்டபம் கட்டுவதற்காக முப்பது ஆண்டுகளுக்கு முன் மேட்டை வெட்டினார்கள். அப்போது உண்டான 3 மீட்டர் உயரச் செங்குத்து முகம், 24 மீட்டர் நீளத்துக்கு, பாதி வெறும் மண்ணாகவும் பாதி செங்கற்சுவர் போர்த்தியதாகவும் இன்றும் நிற்கிறது. செங்கல் போர்த்திய பாதிக்கு இப்போது வயிறு தள்ளத் தொடங்கிவிட்டது. அதை இடித்துவிட்டு முழு நீளத்துக்கும் புதிய தாங்குசுவர் எழுப்புவதென்று கோயில் கமிட்டி முடிவு செய்து, நான்கு குத்தகைக்காரர்களிடம் நான்கு விதமான சுவர்களுக்கு விலைப்பட்டியல் வாங்கிவைத்துக்கொண்டு, எதை ஏற்பது என்று என்னிடம் கேட்டது. மண் பொறியியலில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த குறிப்பின் விரிவு இது. இதே கடற்கரையில் இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம்.

சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மேட்டைப் பற்றிப் பேச வேண்டும். டர்பனின் பெரீயா முகடும், வடக்கே உம்லாங்காவின் முகடும், கரைக்கு இணையாக ஓடும் பிற மேடுகளும் பழங்காலக் கடற்கரை மணற்குன்றுகள். காற்று குவித்த அந்த மணல் நெடுங்காலம் மழையில் நனைந்து சிதைந்ததில், அதிலிருந்த இரும்புத் தாதுக்கள் துருவேறி மணலைச் சிவப்பாக்கின. வேறு சில கனிமங்கள் களியாக மாறி மணல்மணிகளுக்கு நடுவே பசைபோல் அமர்ந்தன. இதைத்தான் இங்கே பெரீயா செம்மணல் என்கிறோம். காய்ந்திருக்கும்போது இந்த மண் பாறைபோல நடிக்கும். செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நனைந்தால் மணிகளைப் பிடித்துவைத்திருக்கும் களிப்பசை இளகி, தளர்வான மண்கூடு அப்படியே உள்வாங்கிவிடும். சுமை எதுவும் கூடாமலேயே, நனைந்த ஒரே காரணத்தால் மண் இறங்கும் இந்தக் குணத்தைப் பற்றி ஜென்னிங்ஸ், நைட் என்ற இரு தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் 1957லேயே எழுதியிருக்கிறார்கள். 1975இல் அவர்கள் தந்த வகைப்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறோம்: 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் வைத்த மண்மாதிரியை நனைக்கும்போது அது 1 சதவீதத்துக்குள் இறங்கினால் கவலை இல்லை, 1 முதல் 5 வரை ஓரளவு தொல்லை, 5 முதல் 10 வரை தொல்லை, 10ஐத் தாண்டினால் கடுந்தொல்லை.

கமிட்டியின் மூத்தவர் ஒருவர் வெறும் மண் முகத்தைக் காட்டி, “முப்பது வருஷமா அசையாம நிக்குது தம்பி, இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அந்த முகத்திலிருந்து நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்றைப் பெயர்த்து, விரலால் நசுக்கச் சொன்னேன், அவரால் முடியவில்லை. பிறகு அதே கட்டியை அவருடைய வெறும் தேநீர்க் கோப்பையில் போட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். முதலில் குமிழிகள் வந்தன, ஓரங்கள் உதிர்ந்தன, அடுத்த விலைப்பட்டியலை நான் படித்து முடிப்பதற்குள் கோப்பையின் அடியில் சிவப்புச் சேறு மட்டும் கிடந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சில மழைமானி நிலையங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தபோது, மேடுகளின் சரிவுகளில் வீடுகளோடு சேர்ந்து இறங்கிய மண்ணை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்பையை விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இனிக் கணக்கு. 3 மீட்டர் உயர மண்ணின் உராய்வுக் கோணம் (மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதன் அளவு) 30 பாகை, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை. சுவருக்குச் சற்றே முன்னே சாய இடம் இருக்குமானால், மண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டு அழுத்தமாக மாறும். அதன்படி சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 27 கிலோநியூட்டன் விசை, அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. மேலே பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் தளம் இருப்பதால், சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் மேற்சுமையைச் சேர்க்க வேண்டும். அது இன்னொரு 10 கிலோநியூட்டனை அரை உயரத்தில் தரும். ஆக, சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் மீட்டருக்கு 42 கிலோநியூட்டன்-மீட்டர். இவ்வளவும் மண் வறண்டிருக்கும்போது. சுவரின் பின்னால் உச்சிவரை தண்ணீர் தேங்கிவிட்டால், மிதப்பினால் மண்ணின் பங்கு ஏறத்தாழ 14 கிலோநியூட்டனாகக் குறையும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 44 கிலோநியூட்டனைக் கொண்டுவரும். 27 இருந்த இடத்தில் 58. எந்தச் சுவரைக் கட்டினாலும் அதன் வடிகால் வேலை செய்கிறதா என்பதே அதன் மீது விழும் சுமையை இரண்டாகப் பெருக்குவதும் பெருக்காமல் விடுவதும். விலைப்பட்டியல்கள் நான்கையும் நான் முதலில் புரட்டிப் பார்த்தது இந்த ஒன்றுக்காகத்தான். இரண்டில் வடிகாலுக்குத் தனி வரியே இல்லை.

முதல் பட்டியல், எல்லோரும் கட்டுகிற சுவர்: கான்கிரீட் அடித்தளத்தின் மேல் செங்கல் அல்லது சிமென்ட் கட்டை, இடையிடையே முட்டுத்தூண்கள், முகத்தில் பூச்சு. நால்வரில் இவரே மலிவு. 220 மில்லிமீட்டர் தடிமனுள்ள 3 மீட்டர் செங்கற்சுவரின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 13 கிலோநியூட்டன். தன் எடையைக் கொண்டு அது கவிழ்ப்பை எதிர்க்கக்கூடிய அளவு 1.5 கிலோநியூட்டன்-மீட்டர். எதிரே நிற்பது 42. இடைவெளியை முட்டுத்தூண்களும் சாந்தின் பிடிமானமும் நிரப்ப வேண்டும். சாந்துக்கு இழுவிசையைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. ஒரு மீட்டர் உயரத்துக்குள் தோட்டப் பாத்தியைத் தாங்குவதற்கு இந்தச் சுவர் போதும். அதற்கு மேல் இதை நான் சுவர் என்று கூட எண்ணுவதில்லை. இப்போது வயிறு தள்ளி நிற்பதும் இதே வகைதான். அதைக் கட்டியவர் கசிவுத்துளைகள் வைத்திருந்தார். ஆனால் துளைக்குப் பின்னால் கல்லோ, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியோ வைக்கவில்லை, செம்மணலை நேரே கொட்டியிருக்கிறார். முதல் சில மழைகளிலேயே துளைகள் அடைத்துக்கொண்டிருக்கும். நான் போன நாளில், மழை பெய்து ஐந்து நாள் ஆன பிறகும், ஒரு துளைக்குள் 12 மில்லிமீட்டர் கம்பியை விட்டுக் குடைந்தபோது முதலில் களிமண் ஒரு விரல் நீளத்துக்குப் பிதுங்கி வந்தது. அடுத்து செந்நிறத் தண்ணீர் பீறிட்டு, நாங்கள் மண்டபத்தைச் சுற்றி வந்து திரும்பும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். ஆங்கில எல் எழுத்தைப் போல் நிமிர்ந்த தண்டும் பின்னோக்கி நீண்ட பாதமும் கொண்டது. பாதத்தின் மேல் அமரும் மண்ணே சுவரைப் பிடித்துவைக்கும் எடையாக மாறுவதுதான் இதன் சாமர்த்தியம். 3 மீட்டருக்குத் தண்டு 300 மில்லிமீட்டர், பாதம் 2 மீட்டர் அகலம் என்று தொடங்கலாம். கவிழ்ப்புக்கு அது தாராளமாக நிற்கும். ஆனால் சறுக்கலுக்கு எதிரான பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் திறன் வரும் சுமையைப் போல் எத்தனை மடங்கு என்பது, வழக்கமாகக் கேட்கும் 1.5ஐத் தொடாது. ஆகவே பாதத்தின் அடியில், தரைக்குள் ஊன்றிச் சறுக்கலைத் தடுக்கும் கான்கிரீட் பல் ஒன்று இறக்க வேண்டும், அல்லது பாதத்தை இன்னும் அகலமாக்க வேண்டும். பட்டியலில் பல் இல்லை. கேட்டபோது, “போடலாம், விலை கொஞ்சம் ஏறும்” என்று பதில் வந்தது.

இந்தச் சுவரின் பெரிய கவலை மண்ணில் இல்லை, காற்றில் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் கான்கிரீட்டின் முகத்தில் உப்பைப் படியவைக்கிறது. அது மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும்போது துரு தொடங்குகிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளக்கும். இதைத் தள்ளிப்போட மூன்று வழிகள் உண்டு: கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட்டம் (மண்ணோடு ஒட்டி வார்க்கும் பக்கத்தில் 75), சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக உலைக்கசடு அல்லது எரிசாம்பல் கலந்து உப்பு நுழையும் வழிகளை அடைப்பது, வார்த்த பிறகு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பாதுகாப்பது. மூன்றாவதுக்குச் செலவே இல்லை, ஆனாலும் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கடற்கரை மணலை அள்ளிவந்து கலப்பது இன்னொரு கேடு. உப்பை வெளியிலிருந்து தடுக்கப் பாடுபட்டுவிட்டு உள்ளேயே ஊற்றுவதற்குச் சமம் அது. டர்பனில் உம்கேனி மணல் என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஆற்றுமணல்தான் தருவார்கள். அதற்கும் விற்பவரிடம் சான்று கேட்பது தவறில்லை.

கமிட்டியில் ஒருவர் நல்ல யோசனை என்று நினைத்து ஒன்று சொன்னார்: இந்தச் சுவரையே புதிய சமையற்கட்டின் பின்சுவராக வைத்து, மேலே தளம் போட்டுவிட்டால் ஒரு சுவர் மிச்சம். அப்படிச் செய்தால் தளம் சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் சாய முடியாது. சாயாத சுவரில் மண்ணின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காக இறங்காமல் பாதியிலேயே நிற்கும். அதாவது சுமை ஒன்றரை மடங்கு. மிச்சமான சுவரின் காசு கம்பியில் போய்விடும். தவிர, பின்னால் ஈரம் இருக்கும் சுவரில் மாவு மூட்டையைச் சாய்த்து வைக்கவும் முடியாது.

மூன்றாவது பட்டியல், சாந்தில்லாமல் அடுக்கும் கான்கிரீட் கட்டைச் சுவர். டர்பனில் வளர்ந்தவர்களுக்கு இதன் முகம் பழக்கம்: உள்ளே மண் நிரப்பிச் செடி வைக்கக்கூடிய குழிவான கட்டைகள், பின்னோக்கிச் சாய்ந்த படிப்படியான அடுக்கு, நெடுஞ்சாலை ஓரங்களிலும் வீட்டுச் சரிவுகளிலும் எங்கும் பார்க்கலாம். லோஃபல்ஸ்டைன் என்ற பெயரையே பலர் இந்த வகை முழுமைக்கும் சொல்லிவிடுகிறார்கள். கட்டைகள் மட்டும் 3 மீட்டரைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாங்குவது அவற்றின் பின்னால் மண்ணுக்குள் படுக்கையாக விரியும் ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலை. இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை கட்டைகளுக்கு நடுவே சொருகிப் பின்னால் இழுத்துவிரித்து, மேலே மண் கொட்டித் திமிசு கொடுத்துக்கொண்டே போனால், வலையும் மண்ணும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடுகின்றன. கட்டைகள் அந்தக் கட்டியின் தோல் மட்டுமே. வலையின் நீளம் சுவர் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு, அதாவது இங்கே ஏறத்தாழ 2.1 மீட்டர்.

இங்கேதான் பக்கத்து வீட்டு எல்லை குறுக்கே வருகிறது. வெட்டுமுகத்திலிருந்து எல்லைவேலி 2.5 மீட்டரில் இருக்கிறது. முதலில் பார்த்தபோது இந்த வகைக்கு இடம் போதாது என்றுதான் எண்ணினேன். ஆனால் இந்தச் சுவர் செங்குத்தாக நிற்பதில்லை. 70 பாகை சாய்வில் கட்டினால், அதன் கால் தலையைவிட 1.1 மீட்டர் முன்னால் கோயில் முற்றத்தில் ஊன்றும். தலை இப்போதைய வெட்டுமுகத்தின் விளிம்பிலேயே இருக்கும்படி வைத்தால், அடிவரிசை வலையின் முன்பாதி புதிதாக நிரப்பும் மண்ணிலேயே அடங்கிவிடுகிறது. பழைய மேட்டுக்குள் அடியில் 1 மீட்டரும் உச்சியில் 2.1 மீட்டரும் வெட்டினால் போதும். தற்காலிக வெட்டும் செங்குத்தாக இல்லாமல் அதே 70 பாகையில் சாய்ந்திருக்கும். கான்கிரீட் பாதத்துக்காக அடியிலேயே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் குடைந்து, மூன்று மீட்டர் செம்மணல் தலைக்கு மேல் தொங்க ஆட்களைக் கீழே இறக்குவதைவிட இது எவ்வளவோ மேல். முற்றத்தில் 1.1 மீட்டரை இழக்க வேண்டும் என்பதுதான் விலை.

உப்புக்காற்று இந்தச் சுவரை அதிகம் வருத்துவதில்லை, ஏனென்றால் துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. பாலியெஸ்டர் வலையாக இருந்தால் அதற்கு வேறொரு பகை உண்டு: சுண்ணாம்புக் காரம். புதிய கான்கிரீட்டோ சுண்ணாம்பு கலந்த மண்ணோ அதைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இங்கே அதற்கு வாய்ப்பு குறைவு. மண் சற்று இறங்கினாலும் கட்டைகள் ஒன்றோடொன்று உரசி இடம் மாறிக்கொள்ளும், பிளக்காது. இறங்கும் குணமுள்ள செம்மணலுக்கு இந்த நெகிழ்வு பெரிய வரம். தண்ணீர் முகத்தின் வழியாகவே கசியும்.

அதே சமயம், நான் பார்த்தவற்றில் மோசமாக விழுந்த சுவர்களும் இந்த வகைதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டை அடுக்கத் தெரிந்த யாரும் கட்டிவிடலாம் என்ற எண்ணமே காரணம். வலையைச் சுருக்குவது, அல்லது போடாமலே விடுவது. பின்மண்ணை 150 முதல் 200 மில்லிமீட்டர் அடுக்குகளாகக் கெட்டிக்காமல் அரை மீட்டராகக் கொட்டி, மண்ணைக் கெட்டிக்கும் வாக்கர் இயந்திரத்தை மேலோட்டமாக ஓட்டுவது. மேல்வீட்டுக் கூரைநீர்க் குழாய் சுவரின் பின்னால் வந்து முடிவதைக் கவனிக்காமல் விடுவது. கட்டி முடித்த பிறகு இவற்றில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட் சுவரில் தவறு செய்தால் விரிசல் காட்டிக்கொடுக்கும். இது கடைசி மழைவரை அழகாகச் செடியோடு நிற்கும்.

நான்காவது கேபியன், கல் நிரப்பிய கம்பிக்கூடை. அடியில் 2 மீட்டர், நடுவில் ஒன்றரை, மேலே 1 என்று ஒரு மீட்டர் உயரக் கூடைகளை மூன்று படிகளாக அடுக்கினால் மீட்டருக்கு 4.5 கன மீட்டர் கல். 24 மீட்டருக்கு 108 கன மீட்டர், ஏறத்தாழ 175 டன். குணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சுவர் இதுதான். தண்ணீரைத் தேக்கவே தெரியாதது, எடையால் நிற்பது, தரை இறங்கினால் தானும் சேர்ந்து வளைந்து கொடுப்பது. பின்புறம் வடிதுணி வைக்காவிட்டால் மட்டும் செம்மணல் கற்களின் சந்து வழியாக வெளியேறி, மேல்தரையில் திடீரென்று குழி விழும். கம்பிக்கு உப்பு எதிரி என்பதால், இந்தத் தொலைவில் வெறும் துத்தநாகப் பூச்சு போதாது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சின் மேல் பிவிசி உறை போட்ட கம்பி வேண்டும். கல் நிரப்பும்போது உறை கிழிந்தால் அங்கிருந்துதான் அரிப்பு தொடங்கும். இந்தப் பட்டியலைத் தள்ளவைத்தது கம்பி அல்ல, சந்து. கோயிலின் பக்கவாட்டில் பக்கி என்ற சிறு சரக்கு வண்டி மட்டுமே நுழையக்கூடிய வழி இருக்கிறது. 175 டன் கல்லை ஒரு டன் ஒரு டன்னாக உள்ளே கொண்டுபோய்க் கையால் அடுக்கும் கூலி, பட்டியலில் எழுதியிருந்த கூலியாக இருக்க முடியாது. லாரி நேரே வந்து நிற்கும் இடமாக இருந்திருந்தால் என் தேர்வு மாறியிருக்கலாம்.

பட்டியலில் இல்லாத ஐந்தாவது வழியையும் நானே முன்வைத்தேன்: உயரத்தைக் குறைப்பது. மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கமாகவும், கவிழ்க்கும் திருப்புத்திறன் அதன் கனமாகவும் ஏறுகிறது. ஒரு 3 மீட்டர் சுவரை இரண்டு ஒன்றரை மீட்டர் சுவர்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்கு விசையையும் எட்டில் ஒரு பங்கு கவிழ்ப்பையும் மட்டும் பார்க்கும். ஆனால் மேற்சுவர் கீழ்ச்சுவரின் மேல் சுமையாக அமராமலிருக்க இடையே கீழ்ச்சுவர் உயரத்தின் இரு மடங்கு, அதாவது 3 மீட்டர் விட வேண்டும். அந்த 3 மீட்டரும் காவடிப் பந்தல் போடும் முற்றத்திலிருந்து வர வேண்டும். அது நடவாது என்பது, நான் சொல்லி முடிக்கும் முன்பே எதிரே இருந்தவர்களின் முகத்தில் தெரிந்துவிட்டது. இடமுள்ளவர்கள் இந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். படிகளின் சரிவில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் இரண்டு மூன்று மீட்டர் நேரே கீழிறங்கி மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தாங்கிக்கொண்டு உலகம் சுற்றிய புல் அது. ஆழமான மண்சரிவை அது தடுக்காது. தாங்குசுவருக்கு மாற்றாக அதை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. மண்ணில் துளையிட்டுக் கம்பி செருகும் ஆணி முறையும் உண்டு. ஆணிகள் பக்கத்து வீட்டு நிலத்தின் அடியில் போகும் என்பதால் நிரந்தர ஒப்புதல் வேண்டியிருக்கும். அதை நான் மேலே கொண்டுபோகவில்லை.

இவை எல்லாம் மேட்டுநிலத்துக்கான பேச்சு. தெற்கே இசிப்பிங்கோ போன்ற தாழ்ந்த சமவெளிகளிலும் துறைமுகத்தைச் சுற்றியும் இருப்பவர்கள் இதே விடையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே பல இடங்களில் ஆற்றுமுகத்தின் கருஞ்சேறு ஆழமாகப் படிந்திருக்கிறது. ஹிப்போ மட், நீர்யானைச் சேறு என்று டர்பன் பொறியாளர்கள் பட்டப்பெயர் வைத்த மண் அது. வெட்டுவலிமை 15 கிலோபாஸ்கல் உள்ள சேறு, மேலே வைக்கும் சுமையைத் தாங்கும் உச்ச வரம்பு 77 கிலோபாஸ்கல்தான். 3 மீட்டர் மண் நிரப்பினால் மட்டுமே 54 ஆகிவிடுகிறது. பாதுகாப்புக் காரணி 1.4, சுவர் இன்னும் வரவே இல்லை. அங்கே கேள்வி எந்தச் சுவர் என்பதல்ல. சுவரின் கீழே என்ன என்பது. தூண் இறக்கி மேலே கட்டுவது, இரும்புத் தகடுகளை ஆழமாக அறைவது, நிரப்பும் உயரத்தையே குறைப்பது என்று வேறு பட்டியல் தொடங்குகிறது.

அலையே வந்து தொடும் மணற்கரைக்கும் இது பொருந்தாது. 2007 மார்ச்சில் பெருவேலியேற்றமும் புயலலையும் ஒன்றாக வந்தபோது, இந்தக் கரையில் கடற்சுவர்கள் பல முன்னால் அடிபட்டு விழவில்லை, அடியிலிருந்த மணல் வாரப்பட்டு விழுந்தன. அங்கே தனியார் தாங்களாகவே சுவர் எழுப்பச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை: 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடற்கரை மேலாண்மைச் சட்டம் கடற்கரைப் பொதுச்சொத்தில் அரிப்பைத் தடுக்கும் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகிறது, உயர்நீர்க்கோட்டிலிருந்து 100 மீட்டருக்குள் 5 கன மீட்டருக்கு மேல் மணலையோ மண்ணையோ அள்ளுவதற்கும் கொட்டுவதற்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படலாம். 5 கன மீட்டர் என்பது ஒரு சிறிய லாரி நடை. கோயில் அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதால் இந்தத் தொல்லை எங்களுக்கு இல்லை. மாநகராட்சியின் கட்டடப் பிரிவுக்கு வரைபடம் கொடுப்பதும், தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு பெற்றவர் கணக்கில் கையெழுத்திடுவதும் மட்டும் உண்டு.

என் பரிந்துரை, சாய்வான கட்டைச் சுவர், முழு நீள வலையோடு. நிபந்தனை ஒன்று: வடிகாலுக்கான தொகையைப் பட்டியலில் தனியே எழுத வேண்டும், பேரம் பேசும்போது அதில் கைவைக்கக் கூடாது. வலைக்கட்டியின் பின்புறம் முழுதும் 300 மில்லிமீட்டர் தடிமனில் 19 மில்லிமீட்டர் ஜல்லி, அதைச் சுற்றி வடிதுணி. அடியில் துளையிட்ட 110 மில்லிமீட்டர் குழாய், நூற்றுக்கு ஒன்று சரிவில், இரு முனையும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே. உச்சியில் கான்கிரீட் ஓடை. மேல்வீட்டின் கூரையும் வண்டித்தளமும் சேர்ந்து 200 சதுர மீட்டர் என்றால், 2022ஐப் போன்ற 300 மில்லிமீட்டர் மழை நாளில் அது 60,000 லிட்டர்: 5,000 லிட்டர் ஜோஜோ தொட்டிகள் பன்னிரண்டு. அவ்வளவும் இப்போது எங்கள் வெட்டுமுகத்தை நோக்கித்தான் வழிகிறது. ஆகவே முதல் வேலை சுவர் அல்ல, அந்த வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுவது.

அவர் தன் வேலிக்கு இவ்வளவு அருகில் வெட்டுவதற்கு ஒப்பாவிட்டால், இரண்டாவது தேர்வு கான்கிரீட் சுவர், பாதத்தின் அடியில் பல்லோடும், பின்னால் இதே வடிகாலோடும், நான்கு மீட்டர் துண்டுகளாக ஒன்றுவிட்டு ஒன்று வெட்டி வார்த்து. இடையிடையே விடும் மண் மேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், நேரம்தான் கூடும். எந்த வகையானாலும் வெட்டு வேலை மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில், மழை குறைந்த குளிர்காலத்தில் முடிய வேண்டும் என்றேன். ஆடிக் கூழ் ஊற்றுவது அந்த நடுவில்தான் வருகிறது என்று செக்ரட்டரி நினைவூட்டினார். கூழுக்கு வரும் கூட்டம் திறந்த வெட்டின் அடியில் வரிசையில் நிற்கக் கூடாது என்பதால், முற்றத்தை ஒட்டிய எட்டு மீட்டரை முதலில் முடித்து மூடிவிட்டு, மற்றதை ஆடிக்குப் பிறகு திறப்பதாக அட்டவணையை மாற்றினோம். அதற்கு முன் மூன்று சோதனைக் குழிகள் தோண்ட வேண்டும். கூம்பு அறையும் சோதனையும் உண்டு, 8 கிலோ சுத்தியை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு ஒவ்வோர் அடிக்கும் கூம்பு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணுவது. நான் வைத்துக்கொண்ட 30 பாகை இந்த மேட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை எடுத்த மாதிரிகள் ஆய்வகத்திலிருந்து திரும்பினால் சொல்லலாம். அதுவரை பழைய சுவரின் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குடைந்துவிடும்படியும், வயிறு தள்ளிய பகுதிக்கு முன்னால் மூன்று மீட்டருக்குக் கயிறு கட்டி நாற்காலிகளை எடுத்துவிடும்படியும் சொல்லியிருக்கிறேன். மேல்வீட்டுக்காரரின் பதில் இன்னும் வரவில்லை.